உப்புச் சாலையில் ஏழு மோட்டார் சைக்கிள்கள்

சித்திரை மாதத்து வெயிலைக் கண்டதும் நம்மவர் உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் ஓட்டம் பிடிப்பது வழக்கம். அந்த வெயிலையே நாடி, வட துருவத்துக்கு அண்டையிலுள்ள ஒரு தேசத்திலிருந்து ஐந்து பேர் திருச்சிராப்பள்ளிக்கு வந்து இறங்கினார்களென்றால், அவர்களுடைய புத்தி சுவாதீனத்தைப் பற்றி நேயர்களுக்குச் சிறிது ஐயம் எழக்கூடும். எங்களுக்கும் எழுந்தது. ஆனால் அவர்களை வரவழைத்தவர்களே நாங்களாகையால், அதை வெளியே சொல்லிக் கொள்ளவில்லை.

இதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்பு எங்களில் இருவர் நார்வே தேசத்துக்குச் சென்று, இந்த நண்பர்களுடன் கூட்டமாக மோட்டார் சைக்கிள் யாத்திரை செய்திருந்தோம். மலைகளைப் பிளந்துகொண்டு கடல் பல காத தூரம் உள்ளே புகுந்திருக்கும் நாடு அது. ஒரு புறம் செங்குத்தான பாறை, மறு புறம் பச்சை நீர், நடுவே ஒடுங்கிய சாலை. 'பூதங்களின் ஏணி' என்று பொருள்படும் ட்ரோல்ஸ்டிகன் மலைப்பாதை 1936-இல் திறக்கப்பட்டது. பதினோரு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில் அருவி ஒன்று காதருகே விழுந்துகொண்டிருக்கும். 2000-ஆம் ஆண்டில் திறந்த லேர்டால் சுரங்கப்பாதையோ மலைக்குள்ளேயே இருபத்து நான்கரை கிலோமீட்டர் ஓடுகிறது. கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் மங்குவதில்லை; எப்போது படுத்துறங்குவதென்றே தெரியாமல் வண்டியை ஓட்டிக் கொண்டிருந்தோம். எல்லாம் அழகுதான். ஆயினும் ஒரு நாள் முழுவதும் சாலையில் நான்கு மனிதர்களுக்கு மேல் முகம் பார்க்கவில்லை. ஐம்பது லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட ஜனங்களே அந்தத் தேசம் முழுவதிலும் வசிக்கிறார்கள். இதை நாங்கள் வேடிக்கையாகக் குறிப்பிட்டபோது, "அப்படியானால் மனிதர்கள் நிறைந்த உங்கள் சாலையைக் காட்டுங்கள்" என்றார்கள் நண்பர்கள். அதற்குப் பிரதியாக ஏற்பட்டதுதான் இந்த யாத்திரை.

வந்தவர் ஐவரில் நால்வர் நார்வேக்காரர். ஐந்தாமவர் ஒரு பெண்மணி. நார்வேயிலே பிறந்து, பனியிலே வளர்ந்து, யாழ்ப்பாணத்துத் தமிழில் பேசுகிறவர். இலங்கையிலிருந்து அங்கே தமிழர் செல்லத் தொடங்கியது 1956-இல் அந்தோனி இராஜேந்திரம் என்பவர் போய்ச் சேர்ந்ததிலிருந்து என்று கூறுவர். 1980-களில் கலவரத்துக்கும் யுத்தத்துக்கும் தப்பிப் போனவர்களில் பலர், துருவத்தை ஒட்டிய பின்மார்க் பிரதேசத்து மீன் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார்கள். இந்தப் பெண்ணின் தாய் தந்தையரும் அவ்வாறே மீன் அறுத்துப் பிழைத்தவர்கள். திருச்சியில் அவருக்கு உறவினர் ஒருவர் உண்டு என்பதை முதல் நாளே எங்களிடம் சொல்லிவிட்டார். அதைப் பற்றிப் பின்னர்.

வண்டிகளைக் குறித்தும் ஒரு வார்த்தை. நண்பர்கள் கேட்டது வேறெதுவுமல்ல, 'புல்லட்' வண்டிதான். இங்கிலாந்திலே ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்து, 1932-இல் அந்தப் பெயரைப் பெற்ற யந்திரம் அது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியார் ஆங்கிலேயக் கம்பெனியுடன் சேர்ந்து சென்னையில் அதை உருவாக்க ஆரம்பித்தனர். பிறகு திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பிற்று. 1970-க்குள் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுவிட்டது. பிறந்த வீட்டில் மறைந்துபோன குழந்தை புகுந்த வீட்டிலே பிழைத்துக்கொண்டது மட்டுமல்ல; 1977 முதல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆயிற்று! நார்வே நண்பர்களில் ஒருவர் தம் ஊரிலேயே சென்னை வண்டி ஒன்று வைத்திருக்கிறார். அதன் 'டப் டப்' என்ற ஓசையைக் கேட்டு அண்டை வீட்டார் புகார் செய்யவில்லையா என்று கேட்டோம். "அண்டை வீடு இரண்டு மைலுக்கு அப்பால் இருக்கிறது" என்றார்.

திருச்சியில் அவர்களுக்கு முதற் பாடம், சாலையின் இடது பக்கம் செல்வது. நார்வேயில் வலப்பக்கம் போவதே வழக்கம். இரண்டாவது பாடம், ஒலிப்பானை ஓயாமல் அழுத்துவது. முதலாவதை அரை நாளில் கற்றுக்கொண்டார்கள். இரண்டாவது கடைசி வரையில் வரவில்லை. பிறரை அதட்டுவது போலிருக்கிறது என்று கூச்சப்பட்டார்கள். சத்திரம் பேருந்து நிலையத்தருகே அந்தக் கூச்சத்தின் பயனாகக் கால் மணி நேரம் அசையாமல் நின்றோம்.

மறு நாள் காவேரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் சென்றோம். பாலத்தின் கீழே காவேரி இல்லை, மணல்தான் இருந்தது. சித்திரையில் நமக்கு இது பழகிய காட்சி. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பதென்பது சம்பிரதாயம். அதுவரை ஆறு என்பது ஒரு நம்பிக்கை. நண்பர்கள் வண்டியை நிறுத்திவிட்டு நெடுநேரம் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு வற்றுவதை அவர்கள் கண்டதேயில்லை.

ராஜகோபுரத்துக்கு வெளியே வண்டிகளை விட்டுவிட்டு நடந்தோம். ஏழு மதில்கள், இருபத்தொரு கோபுரங்கள். வெளி மதில்களுக்குள்ளே வீடுகளும் கடைகளும் காபி ஹோட்டல்களும் நிறைந்திருப்பதைக் கண்டு, "கோயில் எங்கே ஆரம்பிக்கிறது?" என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு எங்களால் திட்டமாகப் பதில் சொல்ல முடியவில்லை. 236 அடி உயரமும் பதின்மூன்று நிலைகளும் கொண்ட ராஜகோபுரத்தை ஆயிரம் வருஷத்துப் பழமையானதென்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். சில நூற்றாண்டுகளாக மொட்டையாய் நின்றிருந்த அடித்தளத்தின் மீது, அஹோபில மடத்து 44-ஆவது ஜீயர் சுவாமிகள் பெருமுயற்சி செய்து கட்டுவித்து, 1987 மார்ச் மாதத்தில் கும்பாபிஷேகம் நடந்தது என்று சொன்னதும், "அப்படியானால் எங்களில் மூவர் இந்தக் கோபுரத்துக்கு மூத்தவர்கள்!" என்று மகிழ்ந்தார்கள்.

உள்ளே ஒரு வாசலுக்கு மேல் பிற மதத்தினர் செல்வதற்கில்லை. நண்பர்கள் அங்கே தூணடியில் அமர்ந்துகொண்டார்கள். எங்களுக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது. வருத்தத்தை மறைப்பதற்காக ஒரு கதை சொன்னோம். கதையன்று, கோயிலொழுகு கூறும் சரித்திரம். 1323-இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தின் மீது வந்தபோது, உற்சவ மூர்த்தியான நம்பெருமாளை அடியார் கூட்டம் ஒன்று எடுத்துக்கொண்டு தெற்கே நடந்தது. கூட்டத்துக்குத் தலைவரான பிள்ளை லோகாசாரியர் மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் உயிர் நீத்தார். பிறகு அழகர் மலை, மலையாளம், திருநாராயணபுரம், திருப்பதி என்று ஊர் ஊராகப் பெருமாள் விருந்தாளியாகவே இருந்தார். 1371-இல்தான் அரங்கம் திரும்பினார். நாற்பத்தெட்டு வருஷம்! இதைக் கேட்ட யாழ்ப்பாணத்துப் பெண் மட்டும் ஒன்றும் பேசாமல் இருந்தார். சிறிது நேரங்கழித்து, "போன இடமெல்லாம் ஆரோ சோறு குடுத்திருக்கினம், என்ன?" என்றார்.

எங்கள் யாத்திரைக்கு நாங்கள் வகுத்திருந்த பாதையும் சோற்றைப் பற்றியதுதான். அதாவது, சோற்றில் போடும் உப்பைப் பற்றியது. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி, தமிழ் வருஷப் பிறப்பன்று, திருச்சி கண்டோன்மெண்டில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் அவர்களின் இல்லத்திலிருந்து ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களுடன் வேதாரணியத்துக்குப் புறப்பட்டார். டாக்டர் ராஜன் ஸ்ரீரங்கத்தில் பிறந்து, இங்கிலாந்து வரையில் சென்று வைத்தியம் கற்றவர். ஏறக்குறைய 150 மைல் தூரத்தை நாளொன்றுக்குப் பத்து மைல் வீதம் கடந்து, ஏப்ரல் 28-இல் போய்ச் சேர்ந்தார்கள். நாமக்கல் கவிஞர் அந்த நடைக்கென்றே பாட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சாலையில் அதே பருவத்தில் செல்ல வேண்டுமென்பது எங்கள் விருப்பம். நூறு பேர் பதினைந்து நாள் நடந்த வழியை ஒன்பது பேர் இரண்டு நாளில் கடப்பதில் வீரம் ஒன்றுமில்லை. ஆனால் வெயில் அதே வெயில்தான்.

விடியற்காலையில் கண்டோன்மெண்டிலிருந்து புறப்பட்டு, திருவானைக்காவைத் தாண்டி, உத்தமர்சீலி வழியாக வாழைத் தோட்டங்களினூடே கல்லணைக்குச் சென்றோம். எங்கள் கூட்டத்தில் இருந்த நார்வே பொறியியலார் ஒருவர் நீர்மின் நிலையங்களில் வேலை செய்தவர். அவருடைய தேசத்தின் மின்சாரத்தில் பெரும் பகுதி தண்ணீரிலிருந்தே கிடைக்கிறது. ஆகவே அணை என்றால் அவருக்கு உயரமான ஒரு கான்கிரீட் சுவர். இங்கே அவர் கண்டதோ, 1080 அடி நீளத்துக்குப் பாம்பு போல் வளைந்து கிடக்கும் தாழ்ந்த அணை. கரிகாற் சோழன் கட்டியதென்று நாம் சொல்லும் இந்த அணைக்கு ஆற்று மணலுக்கடியில் பாறை கிடையாது. பெருங்கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக மணலில் அமிழ விட்டு, களிமண் பூசிக் கட்டினார்கள் என்பர். ஆர்தர் காட்டன் துரை இதை ஆராய்ந்து வியந்து, அந்த உபாயத்தைக் கொண்டே 1836-இல் முக்கொம்பில் மேலணையை எழுப்பலானார். அந்த முக்கொம்பில் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின என்பதையும் நேர்மையாகச் சொல்லி வைத்தோம். பொறியியலார் மணலில் குந்தி ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் விட்டுப் பார்த்தார். "இதன்மேலா?" என்று மட்டும் கேட்டார்.

திருக்காட்டுப்பள்ளியைத் தாண்டி, திருவையாற்றுக்கு முன்பு ஒரு வண்டியின் பின் சக்கரம் காற்றை இழந்தது. அறுவடையான வயல்களில் உளுந்துச் செடி காய்ந்து நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் நிழலில்லை. இரு நூறு கஜத்தில் ஒரு பஞ்சர் கடை இருந்தது நம் நாட்டுச் சாலைகளின் மகிமை. கடைக்காரர் தண்ணீர்த் தொட்டியில் குழாயை அமுக்கி, குமிழி வந்த இடத்தில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கையில், எதிர் வீட்டிலிருந்து ஒரு பாட்டியம்மாள் வெளியே வந்தார். தோல் சட்டையும் கனத்த பூட்ஸுமாக வியர்த்து நின்ற வெள்ளைக்காரர்களை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வெயில்ல இதென்னப்பா வேஷம்? கழட்டச் சொல்லு. திண்ணையில வந்து உட்காரச் சொல்லு" என்றார். ஒரு தவலை நிறைய நீர்மோர் வந்தது. இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டது. நார்வேக்காரர் ஒருவர் நான்கு தம்ளர் குடித்தார். பஞ்சர் கடைக்காரர் தம் கூலியை வாங்கிக்கொண்டார். பாட்டியோ பணத்தை எடுத்த கையைப் பார்த்துவிட்டு, "மோருக்கா?" என்று கேட்டபடியே உள்ளே போய்விட்டார்.

நண்பர்களுக்கு அது பெரிய அதிசயம். நாங்கள் அந்தத் திண்ணையிலேயே 1930-இன் கதையைச் சொன்னோம். அந்தக் காலத்தில் தஞ்சாவூர் ஜில்லா கலெக்டராயிருந்தவர் தார்ன் துரை. சத்தியாக்கிரகிகளுக்கு உணவோ இடமோ கொடுப்பவர் எவராயினும் ஆறு மாதச் சிறையும் அபராதமும் விதிக்கப்படும் என்று அவர் ஜில்லா முழுவதும் விளம்பரம் செய்தார். துரையின் பெயருக்கு ஆங்கிலத்தில் முள் என்று பொருள். அதை வைத்து ராஜாஜி சிலேடையாகப் பேசியது பிரசித்தம். பட்டினி போட்டுத் திருப்பி அனுப்பிவிடலாமென்பது சர்க்காரின் யோசனை. சோழ நாட்டிலே, விருந்தை மறுப்பது பாவமென்று தொட்டிலில் கற்றவர்களிடையே, சோறிடுவதைக் குற்றமாக்கிப் பார்த்தார்கள்! நடந்தது என்ன? சாலையோரத்து மரங்களின் கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. ஆற்றங்கரை மணலில் உணவைப் புதைத்துவைத்து, இடத்துக்கு அடையாளம் சொல்லிச் சென்றார்கள். கொடுத்தவர் யாரென்று போலீஸாருக்குத் தெரியவில்லை, உண்டவருக்கும் தெரியவில்லை. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் மட்டும் மறைவாகக் கொடுக்க விரும்பவில்லை. எல்லாரையும் தம் இல்லத்துக்கே பகிரங்கமாக அழைத்து உபசரித்தார். அதற்காகச் சிறை சென்றார்.

இதைப் பொறியியலார் எங்களை விடச் சீக்கிரம் புரிந்துகொண்டார். 1940 முதல் 1945 வரையில் அவருடைய தேசம் ஜெர்மானியரின் பிடியில் இருந்தது. எல்லை தாண்டி ஸ்வீடனுக்குத் தப்பியோடுகிறவர்களுக்கு உதவி செய்வோர் தண்டிக்கப்பட்ட காலம். எல்லையோரக் கிராமத்திலிருந்த அவருடைய பாட்டனார் இரவில் விறகுக் கொட்டகையில் பாலும் ரொட்டியும் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாராம். காலையில் பாத்திரம் காலியாக இருக்கும். யார் வந்தது என்று வீட்டில் ஒருவரும் கேட்கக் கூடாது. "தெரியாமலிருப்பதுதான் அப்போது மரியாதை" என்றார்.

அதன்பின் கும்பகோணத்தில் இரவு தங்கி, மறு நாள் வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று தொண்டர்கள் நடந்த ஊர்களின் வழியே ஓடினோம். சாலையைப் பற்றிப் புகழ்வதற்கு அதிகமில்லை. சில இடங்களில் பள்ளங்களுக்கு நடுவே சாலையைத் தேட வேண்டியிருந்தது. நெல்லையும் பயற்றையும் ரஸ்தாவிலேயே பரப்பி உலர்த்தியிருந்த இடங்களில் நண்பர்கள் வண்டியை விட்டிறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு சென்றார்கள். ஏறி மிதித்துப் போவதே இங்கே வழக்கமென்று சொல்லியும் கேட்கவில்லை. "உண்ணும் பொருளின் மேலா?" என்றார்கள். எங்களுக்கு வெட்கமாயிருந்தது, நாங்களும் இறங்கித் தள்ளினோம்.

வேதாரணியத்தை அடைந்தபோது பிற்பகல் மூன்று மணி. அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிய நினைவுத் தூண் நிற்கிறது. 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி பதினாறு தொண்டர்களுடன் உப்பெடுத்து, அங்கேயே கைதாகி, ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். ருக்மணி லட்சுமிபதி அம்மையாரும் இந்த வேதாரணியப் போரில்தான் சிறை புகுந்தார். தொண்டர்களைத் தாங்கி நின்ற சர்தார் வேதரத்தினம் பிள்ளையின் சொத்துக்கள் பறிமுதலாயின. இவர்களையெல்லாம் விட நண்பர்களின் மனத்தைக் கவர்ந்தவர் வைரப்பன் என்னும் நாவிதர். தாம் க்ஷவரம் செய்துகொண்டிருப்பது ஒரு போலீஸ்காரருக்கு என்று தெரிந்ததும், பாதி முகத்தோடு கத்தியைக் கீழே வைத்துவிட்டார். நியாயாதிபதி மிச்சத்தையும் முடிக்கச் சொன்னதற்கு, வேண்டுமானால் தாங்களே முடித்துக் கொள்ளுங்கள் என்று கூறிச் சிறைக்குப் போனார் என்பது ஊரார் வழக்கு. அவருக்கும் அங்கே ஒரு நினைவுச் சின்னம் உண்டு. பாதி முகத்துடன் நின்ற அந்தப் போலீஸ்காரரின் நிலைமையை எண்ணி எண்ணி நார்வேக்காரர்கள் சிரித்ததில், உப்பளத்து வேலையாட்கள் என்னமோ ஏதோவென்று திரும்பிப் பார்த்தார்கள்.

பாத்திகளில் உப்பு வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. பெண்களும் ஆண்களும் வெறுங்காலுடன் உப்பு நீரில் நின்று வாரிக்கொண்டிருந்தார்கள். காலில் வெடிப்பு, கண்ணில் கூச்சம். நாம் உப்புக்கு விடுதலை வாங்கினோம். உப்பு வாருகிறவரின் காலுக்கு ஒரு ஜோடு இன்னும் வாங்கிக் கொடுத்தபாடில்லை.

தண்டனை பெற்ற ராஜாஜி, புறப்பட்ட ஊருக்கே, திருச்சி மத்திய சிறைக்கே அனுப்பப்பட்டார். நாங்களும் மறு நாள் தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குத் திரும்பி, புதுக்கோட்டைச் சாலையில் அந்தச் சிறையின் நெடிய மதிலை ஒட்டிச் சென்றோம். அந்தப் பக்கத்திலேயே கொட்டப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பெண்ணின் உறவினர் வசிப்பது அங்கேதான். அவருடைய தாயாரின் தமக்கை. 1990-இல் இராமேசுவரத்தில் படகிலிருந்து இறங்கியவர். தங்கையோ அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு வடக்கே போய்விட்டார். நார்வே சர்க்கார் தங்கைக்குப் பிரஜா உரிமை கொடுத்து வெகு காலமாகிறது. தமிழ் பேசும் நாட்டிலேயே இத்தனை வருஷம் கழித்த தமக்கை, இன்னும் பதிவேட்டில் அகதி. முகாமிலே பிறந்து, முகாமிலிருந்தே கல்லூரி சென்ற அவருடைய மகனுக்கும் அதே பெயர்தான்.

அனுமதியில்லாமல் வெளியார் முகாமுக்குள் செல்வதற்கில்லை. அயல்நாட்டாரென்றால் கேட்கவே வேண்டாம். ஆகையால் பெரியம்மா வெளியே வந்தார். சாலையோரத்து வேப்ப மரத்தடியில் ஏழு வண்டிகளையும் வரிசையாக நிறுத்தியிருந்தோம். அவர் முதலில் மருமகளைப் பார்க்கவில்லை. பெண்ணின் முகம் அடையாளம் தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றியதும் இரு கைகளாலும் அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டார். என்ன பேசினார்கள் என்பது எங்கள் காதில் விழாத தூரத்தில் நாங்கள் நின்றோம்.

பிறகு எங்களை நோக்கி வந்தார். கையில் ஐந்தடுக்குத் தூக்குப் பாத்திரம் இருந்தது. "எல்லாரும் வாங்கோ. ஆறினால் நல்லா இராது" என்று சொல்லி, மரத்தடியில் பழைய செய்தித்தாளை விரித்து, ஒவ்வொரு அடுக்காக எடுத்து வைத்தார். இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். ஒன்பது பேருக்குப் போதுமோ என்று நாங்கள் தயங்கினோம். பொறியியலாருக்கு அவரே முதலில் பரிமாறினார். அவர் சாப்பிடத் தொடங்காமல் கையில் தட்டை வைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "உறைப்பெண்டு பயப்பிடுறார் போல. பிள்ளை, உறைப்புக் குறைச்சுத்தான் போட்டனான் எண்டு அவருக்குச் சொல்லு" என்றார் பெரியம்மா.